நடுரோட்டில் இறங்கிய சாந்தாமணி

அத்திப்பாளையம் பிரிவில் கார் மறுபடியும் நின்றுபோனபோது சாந்தாமணி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த வர்ஷினிக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக வண்டி ஆஃப் ஆனால், "அதனால என்ன கண்ணு, கிளட்ச்சை அமுத்தி ஸ்டார்ட் பண்ணு. ஹாரன் அடிக்கறவன் அடிக்கட்டும், ரோட்டை அவன் பேர்லயா எழுதி வெச்சிருக்கு" என்பாள். அந்தப் பேச்சுக்காகவே கணபதி வட்டாரத்தில் பயந்த பெண்களையெல்லாம் அவளிடம் அனுப்புவார்கள். புருஷனிடம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் அழுதுகொண்டு வந்தவர்கள், காம்பவுண்டு சுவரில் இடித்தவர்கள், லைசென்ஸ் டெஸ்ட்டில் கை நடுங்கிப் பாதியில் இறங்கியவர்கள் என்று எல்லாரும் கடைசியில் வந்து சேரும் இடம் சாந்தாமணியின் சின்ன வெள்ளைக் கார். இடப்பக்கம் அவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அவள் இருக்கும்வரை எதுவும் ஆகாது என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை.

அன்றைக்கு அவள் முன்கண்ணாடியையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மார்புக்குள் எங்கோ தொடங்கிய சூடு கழுத்துக்கு ஏறி, காது மடல்வரை வந்திருந்தது. இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து முகத்தை அதற்குள் விட்டாற்போல இருந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பின்னால் சரவணம்பட்டிப் பக்கம் போகிற பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வர்ஷினி சாவியைத் திருப்பினாள், வண்டி ஒரு துள்ளு துள்ளி மறுபடி நின்றது.

"அக்கா, சாரிங்க்கா."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சாந்தாமணி சீட் பெல்ட்டைக் கழற்றினாள், கதவைத் திறந்தாள், இறங்கினாள். வண்டிகளுக்கு நடுவே புகுந்து எதிர்ச் சாரியிலிருந்த பேக்கரிக்கு நடந்து போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேக்கரியில் டீ குடிக்கிறவர்களுக்காக வைத்திருந்த தண்ணீர் ஜக்கை எடுத்துப் பிடரியில் ஊற்றிக்கொண்டாள். ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. கல்லாவில் இருந்தவர், "ஏனுங்க்கா, உடம்புக்கு முடியலீங்களா" என்று கேட்டது காதில் விழுந்தது. ஜக்கில் மிச்சமிருந்ததையும் ஊற்றிக்கொண்டாள்.

சூடு இறங்கி, குளிர் வந்து, உடம்பு வெலவெலத்த பிறகுதான் காரின் நினைவே வந்தது. ஓடிப் போனபோது டிராபிக் போலீஸ்காரரும் இன்னும் இரண்டு பேரும் காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். சாவி அதிலேயே இருந்தது. வர்ஷினி அழுதுகொண்டே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாளாம். "சொல்லிக் குடுக்கறவங்க நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படிங்கம்மா" என்றார் போலீஸ்காரர். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அன்றைக்குச் சாயங்காலம் பொழுதோடு வர்ஷினியின் அம்மா கீதா வீட்டுக்கே வந்துவிட்டார். சாந்தாமணியின் கணவர் திருமூர்த்தி, வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க, உக்காருங்க" என்றார். கீதா உட்காரவில்லை.

"பொம்பளைங்க சொல்லிக் குடுத்தா பொறுமையா இருக்கும்னு உங்களை நம்பித்தானுங்க அனுப்பிச்சேன். புள்ளை வந்ததுலிருந்து ரூமை விட்டு வெளிய வரலை. பின்னாடி வந்த பஸ்ஸு பிரேக் புடிக்காம இருந்திருந்தா?"

திருமூர்த்திதான் மன்னிப்புக் கேட்டார். கீதா போன பிறகு ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொஞ்ச நாளைக்கு இது எங்கிட்டயே இருக்கட்டும் அம்மணி. மொதல்ல டாக்டரைப் பார்ப்போம்."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. அதைவிட அதிகமாக, அவர் சொன்னது சரி என்று பட்டதுதான் அவளைச் சுட்டது.

இது ஒரே நாளில் வந்ததில்லை. போன வருஷம் தீபாவளிக்கு முன்பே மாதக் கணக்கு தப்பத் தொடங்கியிருந்தது. இரண்டு மாதம் வராமல் இருக்கும், பிறகு வந்தால் நிற்காது. தூக்கம் கண்ணாமூச்சி ஆடியது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பெண்ணின் பெயரே சட்டென்று மறந்துபோகும், "கண்ணு" என்று சமாளித்துக்கொள்வாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மதன்குமார் போனில் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டதற்கு ஒரு நாள், "அதைத் தவிர வேற ஒண்ணும் கேக்கத் தெரியாதா உனக்கு" என்று சீறியிருக்கிறாள். போனை வைத்த பிறகு அரை மணி நேரம் சமையலறையில் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதற்கு ஒரு பெயர் வேண்டுமே.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையெல்லாம் எழுதிக் கொடுத்து, முடிவைப் பார்த்துவிட்டுப் பெயரைச் சொன்னார். தைராய்டு இல்லை, சர்க்கரை இல்லை, ரத்தம் கொஞ்சம் குறைவு, அதற்கு மாத்திரை. மற்றபடி இது மாதவிடாய் நிற்கிற காலம். உடம்பில் சூடு கிளம்புவது, தூக்கம் கெடுவது, படபடப்பு, கோபம் எல்லாம் இதில் சேர்ந்தவைதான்.

"சூட்டுக்கும் மருந்து இருக்கு. தேவைப்பட்டா ஆரம்பிக்கலாம். ஆனா உங்க வேலையே டென்ஷன் புடிச்ச வேலை. கூடவே யோகா தெரபிக்கும் போய்ப் பாருங்க" என்றார் டாக்டரம்மா.

"இந்த வயசுல கையைக் காலை முறுக்கறதுங்களா?"

"முறுக்கச் சொல்ல மாட்டாங்க. ஆளைப் பார்த்து, அவங்கவங்க உடம்புக்குத் தகுந்தாப்பல சொல்லிக் குடுப்பாங்க."

பைக்கில் திரும்பி வரும்போது திருமூர்த்தி தோளுக்கு மேலே தலையைத் திருப்பி, "என்ன சொன்னாங்க" என்றார்.

"வயசாகுதாம்" என்றாள் சாந்தாமணி.

கணபதி சிக்னல் பச்சையானது. அவர் வண்டியைக் கிளப்பினார்.

சிவானந்தா காலனியில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது அந்த யோகா தெரபி இடம். நடத்துகிறவள் தேஜஸ்ரீ. முப்பதைத் தாண்டியிருப்பாள், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்த்ததுமே சாந்தாமணிக்கு எரிச்சல் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். அறையில் இன்னும் நான்கைந்து பெண்கள் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். தேஜஸ்ரீ சன்னமான குரலில், கண்ணை மூடுங்க, உடம்பைத் தளர விடுங்க, மூச்சு போறதையும் வர்றதையும் கவனிங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மூச்சைக் கவனித்தால் மூச்சு முட்டியது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச் என்றது. காருக்கு ஆயில் மாற்ற வேண்டியது நினைவுக்கு வந்தது. பக்கத்துப் பாயில் ஒரு அம்மாள் அதற்குள் குறட்டை விடத் தொடங்கியிருந்தார். எப்படித்தான் இதுகளுக்கு இப்படிப் படுத்ததும் தூக்கம் வருகிறதோ என்று நினைத்த மாத்திரத்தில் மார்புக்குள் அந்தச் சூடு கிளம்பியது. சாந்தாமணி எழுந்தாள், செருப்பை மாட்டினாள், படியிறங்கி விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள்.

பஸ்ஸும் வந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கிய பிறகுதான் கைப்பை மாடியிலேயே கிடப்பது தெரிந்தது. போன், காசு எல்லாம் அதற்குள். மானம் போனால் போகட்டும் என்று திரும்பி நடந்தாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். தேஜஸ்ரீ பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பையை அலமாரியில வெச்சிருக்கேனுங்க அக்கா."

"நான் இனி வரமாட்டேன் கண்ணு. எனக்கு இது ஒத்து வராது. படுத்தாத்தான் சூடு இன்னும் எச்சா வருது. எதையாச்சும் செஞ்சுட்டே இருந்தாக்கூடத் தேவலை."

"அப்பப் படுக்க வேண்டாங்க" என்றாள் தேஜஸ்ரீ.

சாந்தாமணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். இன்னும் நாலு புத்திமதி வரும், கேட்டுக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள்.

"முதல் நாளே உங்களைக் கூட்டத்தோட படுக்க வெச்சது என் தப்பு. நீங்க நாள் பூரா என்ன பண்ணுவீங்க, அதைச் சொல்லுங்க."

"கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறேன். குடுத்துட்டு இருந்தேன்."

"எப்படி உக்காருவீங்க? இந்த நாற்காலியில உக்காந்து காட்டுங்க."

சாந்தாமணி அரை மனதோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு தானாகவே அந்த நிலைக்குப் போனது. முதுகு சீட்டில் சாயாமல் ஓர் அங்குலம் முன்னால், கழுத்து நீண்டு, கண் ரோட்டில், இடது கை கதவுப் பிடியில். தேஜஸ்ரீ சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"அக்கா, வலது காலைப் பாருங்க."

பெருவிரலும் முன்பாதமும் தரையை அழுத்திக்கொண்டிருந்தன. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

"பிரேக்குங்க. எப்பவும் அது மேலதான் கால் இருக்கும். ஓட்டற புள்ளை தப்புப் பண்றதுக்கு முன்னாடி நாம அமுத்தோணும். பண்ணதுக்கப்புறம் அமுத்தி ஒண்ணும் ஆகாது."

"படுத்திருந்தப்பவும் உங்க காலு இப்படியேதான் இருந்துதுங்க. வீட்டுலயும் இப்படியா?"

சாந்தாமணி யோசித்தாள். டிவி பார்க்கும்போது, கோயிலில் வரிசையில் நிற்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது என்று நினைத்துப் பார்க்கப் பார்க்க அந்தக் கால் அழுத்திக்கொண்டேதான் இருந்தது. வருஷக்கணக்காக அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்குக் காத்திருந்த கால். அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, எதற்கென்று தெரியாமலே. எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். தேஜஸ்ரீ பின்னால் வரவில்லை.

அதற்குப் பிறகு தேஜஸ்ரீ அவளைத் தனியாக வரச் சொன்னாள். முதலில் நாற்காலியில்தான். மூச்சை இழுக்கும்போது பாதத்தை அழுத்துவது, விடும்போது விட்டுவிடுவது. விடுவதை இழுப்பதைவிட மெதுவாகச் செய்ய வேண்டும். பிறகு தோள், தாடை. சூடு கிளம்பினால் நாக்கைக் குழாய் மாதிரி சுருட்டிக் காற்றை உறிஞ்சச் சொன்னாள். சாந்தாமணியின் நாக்கு சுருளவே இல்லை. இருவரும் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்துச் சிரித்துவிட்டார்கள். "சில பேருக்கு வராதுங்க அக்கா, பல்லைச் சேர்த்து வெச்சுட்டுப் பல்லிடுக்குல இழுங்க" என்று தேஜஸ்ரீ வேறு வழி காட்டினாள். அது வந்தது. காற்று பல்லில் பட்டுச் சில்லென்று உள்ளே போனது.

வீட்டில் சுவரோரம் படுத்துக் கால்களைச் சுவரில் மேலே சாய்த்து வைத்திருந்தபோது, டீ கேட்டு வந்த திருமூர்த்தி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன் அம்மணி, உழுந்துபோட்டியா?"

"பயிற்சிங்க. சித்தெ அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க."

எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அடுத்த வாரமே அரிசி மில்லில் வரிசையில் நிற்கும்போது சூடு கிளம்பி, முன்னால் நின்ற ஆளிடம் காரணமில்லாமல் சண்டை போட்டாள். தேஜஸ்ரீயிடம் போய், "உன்ற யோகா வேலை செய்யலை" என்றாள். "சூட்டை நிறுத்தறது என் கையில இல்லீங்க அக்கா, அது வரும். வர்றப்ப அதுகூடச் சேர்ந்து நீங்களும் ஓடாம இருக்கறதுக்குத்தான் இது" என்றாள் தேஜஸ்ரீ. சாந்தாமணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள். கணபதியில் இறங்காமல், அத்திப்பாளையம் பிரிவில் இறங்கி வர்ஷினி வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்தது வர்ஷினிதான். உள்ளே இருந்து கீதாவும் எட்டிப் பார்த்தார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"கண்ணு, அன்னைக்கு நான் பண்ணது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன். எனக்கு மாசமாசம் வர்றது நிக்கற நேரம் இது. ஒடம்பு திடீர்னு கொதிக்குது. அந்த நேரத்துல எங்கயாச்சும் ஓடிப்போயிரலாம்னு இருக்கும். ஓடிப்போட்டேன். உன்னை நடுரோட்டுல விட்டுப்போட்டு ஓடியிருக்கக் கூடாது."

வர்ஷினி நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக, "எனக்கு ஓட்டவே வராது, அதனாலதான் நீங்க வெறுத்துப்போய் எறங்கிட்டீங்கன்னு நினைச்சேனுங்க்கா" என்றாள்.

சாந்தாமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் இடித்திருந்தால், போலீஸ் கேஸ் ஆகியிருந்தால் என்றெல்லாம் ஆயிரம் விதமாக நினைத்துப் பயந்திருக்கிறாள். இந்தப் பெண் மனதில் இப்படி ஒன்று போய் உட்கார்ந்திருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"உனக்கு நல்லா வருது கண்ணு. கிளட்ச்சை மட்டும் மளார்னு விட்டுப்போடறே. அதை மெதுவா விட்டா ஊட்டியே போயிட்டு வரலாம்."

"வேற எடத்துல சேர்த்திட்டோமுங்க" என்று உள்ளிருந்தே சொன்னார் கீதா.

"நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள் சாந்தாமணி. வழியெல்லாம் நெஞ்சு கனமாகவே இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பட்டறைக்குப் போய்த் திருமூர்த்தி முன்னால் நின்றாள்.

"சாவியைக் குடுங்க."

அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிராமல், "எதுக்கு அம்மணி அந்தத் தலைவலி? வண்டியை வித்துப்போடலாம்னு நான் நினைச்சிட்டு இருக்கேன். ஊட்டுல நிம்மதியா இரு" என்றார்.

"ஊட்டுல இருந்தா நிம்மதின்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரம்மா வயசாகுதுன்னு சொன்னாங்கன்னு சொன்னேனே, அது பொய்யி. மாசமாசம் வர்றது எனக்கு நிக்குது. அதுல வர்ற சூடு, அதுல வர்ற கோவம். கெட்ட வேளையும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு தடவைகூட வருது. உங்ககூடப் பேசிட்டு இருக்கறப்பவே வந்துட்டுப் போயிருக்கு, உங்களுக்குத் தெரியாது. இதைச் சொல்றதுக்கே எனக்கு இத்தனை நாள் ஆயிருக்கு."

திருமூர்த்தி கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மோட்டாரையே பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி அவர்கள் இப்படி வாய்விட்டுப் பேசியதே இல்லை.

"எங்கம்மாவுக்கெல்லாம் இப்படி ஒண்ணும் வந்த மாதிரி தெரியலையே."

"அவங்க உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்களாக்கும்."

அவர் பிரித்துப் போட்ட மோட்டாரை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "எனக்குப் பயமா இருக்கு அம்மணி. உனக்கு ஒண்ணு ஆனாலும் சரி, நீ ஒருத்தரை மோதிப்போட்டாலும் சரி. அந்தப் பயத்துலதான் எடுத்து வெச்சேன். உன்னையக் கட்டிப்போடறதுக்கு இல்லை" என்றார்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதனால் சண்டை போட முடியவில்லை. "காரை நிறுத்தி வெச்சபடியே உக்காந்து பழகறேன். அதைப் பார்த்துட்டுக் குடுங்க" என்றாள்.

மறுநாள் தேஜஸ்ரீயை வீட்டுக்கே வரவழைத்தாள். "என்னை அமைதியா இருக்கச் சொல்லிக் குடுக்க வேண்டாம் கண்ணு. அந்த சீட்டுல உக்கார்றதுக்குச் சொல்லிக் குடு" என்று கேட்டிருந்தாள். ஷெட்டில் நின்ற காருக்குள் ஸ்டியரிங் பக்கம் தேஜஸ்ரீ, இடப்பக்கம் சாந்தாமணி. தேஜஸ்ரீக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேண்டுமென்றே ஹாரனை அழுத்தினாள், கியரைத் தாறுமாறாக ஆட்டினாள், வைப்பரைப் போட்டுவிட்டு நிறுத்தத் தெரியாமல் விழித்தாள். சாந்தாமணி சீட்டில் முதுகைச் சாய்த்து, காலைப் பெடல்மேல் வைத்து அழுத்தாமல், மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு, "கண்ணு, அந்தக் குச்சியைக் கீழ தள்ளு" என்று சொல்லிப் பழகினாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தது அந்தப் பேச்சு. பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திருமூர்த்திக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இப்படிப் பல நாள் நடந்தது. ஒரு காலையில் சாவி பழையபடி ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு ஓட்டப் பழக வந்தவர்களில் முதல் ஆள் ரங்கநாயகி. பக்கத்துத் தெருக்காரர், அறுபதை நெருங்குகிறவர். தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு இருக்கிறது. கணவர் ராமுலுவுக்குச் சர்க்கரையால் கண் மங்கிவிட்டது. கூப்பிட்ட நேரத்துக்கு டிரைவர் வருவதில்லை. யாரையும் நம்பாமல் தோப்புக்குத் தானே போய்வர வேண்டும் என்பது ரங்கநாயகியின் முடிவு. பயம் என்பதே இல்லாத மாணவி. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து.

தெருக்களில் ஓட்டிப் பழகி, காலியான ரோட்டில் ஓட்டிப் பழகி, ஒரு காலை வேளையில், "இன்னைக்கே தோப்புக்குப் போயிரலாம் சாந்தாமணி. யானை எறங்கற ஊரு, வெயில் தாழறதுக்குள்ள திரும்போணும்" என்று அவரே சொல்லிவிட்டார். சாந்தாமணி சரி என்றாள்.

லாலி ரோடு நெரிசலை எப்படியோ தாண்டினார்கள். வடவள்ளி கடந்ததும் ரோடு கொஞ்சம் திறந்தது. ரங்கநாயகி குஷியாகி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அப்போது வந்தது அது. மார்பு, கழுத்து, காது. நெற்றியிலிருந்து வேர்வை புருவத்தில் இறங்கியது. கை தானாகவே கதவுப் பிடியைத் தேடிப் போனது.

"ஏனுங்க அக்கா, இண்டிகேட்டர் போட்டு ஓரமா நிறுத்துங்க."

"ஏன், நல்லாத்தானே ஓட்டறேன்?"

"நல்லாத்தான் ஓட்டறீங்க. எனக்குத்தான் ஒடம்பு கொதிக்குது. மாசமாசம் வர்றது நிக்கற நேரத்துல வருமே, அந்தச் சூடு."

ரங்கநாயகி நிறுத்தினார். பாதி வண்டி மண்ணில், பாதி வண்டி தாரில். திரும்பிச் சாந்தாமணியின் முகத்தை ஏதோ புதுப் பழத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியலை அம்மா. நின்னுது, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் ஆகும் உனக்கு?"

இரக்கப்படுவார், தன் கதையைச் சொல்வார் என்று நினைத்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி ஒரு விதத்தில் ஆறுதலாகவே இருந்தது. "அது இஷ்டத்துக்கு ஆகுமுங்க" என்று சொல்லிவிட்டுப் பல்லைச் சேர்த்துக் காற்றை இழுத்தாள். ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. ரங்கநாயகி ஏசியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

மூச்சு நான்கைந்து தடவைகூடப் போய் வந்திருக்காது, பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. எதிரே தேங்காய் லோடு லாரி. பஸ் தாண்டிப் போக இடமில்லை. கண்டக்டர் இறங்கி ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். ரங்கநாயகி முதல் தடவையாகப் பயந்தார். கியர் போட்டார், கிளட்ச்சைச் சட்டென்று விட்டார், கார் ஒரு குதி குதித்து நின்றது.

சாந்தாமணிக்குச் சூடு இன்னும் இறங்கவில்லை. ரவிக்கை முதுகில் ஒட்டியிருந்தது. கோபம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஹாரன் நிற்கவில்லை. மூச்சை விட்டாள், விடும்போது பாதத்தையும் விட்டாள். பேசியபோது குரல் நடுங்கத்தான் செய்தது.

"அக்கா, கண்டக்டரைப் பார்க்காதீங்க. கிளட்ச்சை முழுசா அமுத்துங்க. நியூட்ரல். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. ம். முதல் கியர். மெதுவா, மெதுவா விடுங்க."

"நீ வேர்த்து ஊத்திட்டு இருக்கியே."

"அது அது பாட்டுக்கு ஊத்தட்டும். நீங்க கிளட்ச்சை விடுங்க."

கார் நகர்ந்தது. மண்ணில் இறங்கி, ஒரு பள்ளத்தில் ஆடி, பஸ்ஸுக்கு வழி விட்டு நின்றது. கண்டக்டர் போகிற போக்கில் ஏதோ சொன்னார், இருவருமே காதில் வாங்கவில்லை. பஸ் கிளப்பிய புழுதி அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். சூடு எப்போது இறங்கியது என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை. முன்னால் மலை வெயிலில் நீலமாகத் தெரிந்தது.

"போலாமுங்களா?" என்றார் ரங்கநாயகி. அதுவரை நீ, வா என்றே பேசி வந்தவர்.

தோப்பில் ரங்கநாயகி வேலையாளைக் கூப்பிட்டு மோட்டார் ரூமையும், யானை உடைத்துப் போட்ட வேலியையும் பார்த்துக்கொண்டு திரிந்தார். சாந்தாமணி காருக்குள் உட்கார்ந்து பார்த்தாள், இருப்புக் கொள்ளவில்லை. இறங்கி வாய்க்கால் ஓரம் நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். திரும்பும் வழியில் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று மனம் அது பாட்டுக்கு ஓடியது. வரும், நிறுத்தச் சொல்வேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் ஒரு பெண் வருகிறாள், பொழுதோடு இன்னொரு பெண். அவர்களிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாதிப் பேர் வராமல் போகலாம். போகட்டும்.

போன் அடித்தது. திருமூர்த்தி.

"எங்க இருக்கே? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"வந்துது. சமாளிச்சாச்சு. நீங்க சாப்பிட்டுருங்க."

"தயிர் இருக்குதா, வாங்கி வெக்கட்டுமா?" என்றார் அவர். அதைத் தவிர வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கி வெய்யுங்க. வாரேன்."

ரங்கநாயகி சேலையில் ஒட்டிய முள்ளைத் தட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். சாந்தாமணி பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். வெயில் சாய இன்னும் நேரம் இருந்தது.